எட்டுச் சங்கிலித் தூரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வீட்டில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒப்புக்கொள்வதில் ஒரு பெருமைகூட இருந்தது. கண்டிப்பானவன், அளவு பிசகினால் பொறுக்கமாட்டான் என்று இலாகாவில் பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரும் அந்தக் கோபமும் சேர்ந்து ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்ட கதையை எழுத இத்தனை காலம் கை வரவில்லை.

புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். அதன் மராமத்து இலாகாவில் நான் சாலை ஓவர்சியர். புதுக்கோட்டையிலிருந்து திருவரங்குளம் வழியாகக் கிழக்கே ஆலங்குடிக்குப் போகும் சாலை என் பொறுப்பு. சைக்கிளில் போவேன். மழை அரித்த இடத்தில் சரளை கொட்டச் செய்வது, பாலங்களுக்கு அடியில் அடைத்த செத்தையை எடுக்கச் செய்வது, மைல் கற்களுக்கும் ஃபர்லாங்கு கற்களுக்கும் வெள்ளையடிக்கச் செய்வது, இவைதான் வேலை. ஒரு மைலுக்கு எட்டு ஃபர்லாங்கு. ஒரு ஃபர்லாங்குக்குப் பத்துச் சங்கிலி. சங்கிலி என்றால் நிலம் அளக்கிற சர்வே சங்கிலி, இருபத்திரண்டு கெஜம் நீளம். படிப்பவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

திருவரங்குளம் தாண்டியதும் ஆறாவது மைலுக்கு அப்பால் ஒரு கண்மாய். கிழக்கேயிருந்து வருகிற சாலை மேட்டிலிருந்து இறங்கி, கண்மாய்க் கரையோரமாக ஓடி, மறுபடி மேற்கே ஏறும். யுத்தம் தொடங்கி இரண்டு மழைக்காலம் போயிருக்கும். அந்தக் கரையோரத்தில் 6/3 என்று, அதாவது புதுக்கோட்டையிலிருந்து ஆறு மைல் மூன்று ஃபர்லாங்கு என்று, செதுக்கியிருந்த ஃபர்லாங்கு கல் வெள்ளத்தில் சாய்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. புதுக்கல் ஒன்று அடித்து வாங்கி, இரண்டு சாலைக் கூலிகளோடு கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் பழைய கல் அதே குழியில் நிமிர்ந்து நிற்கிறது. 6/3 மேல் மஞ்சள் அப்பியிருக்கிறது. குங்குமம், அரளி மாலை, காலடியில் உடைத்த தேங்காய்.

பக்கத்துக் கிராமத்தில் அந்த வருஷம் மாடுகளுக்குக் கோமாரி. வண்டிக்காரர் ஒருவரின் மனைவி, தங்கள் மாடு இரண்டும் படுத்துவிட்ட வேதனையில், விழுந்து கிடந்த கல்லை நிமிர்த்தி வைத்து வேண்டிக்கொண்டிருக்கிறாள். மறுநாள் மாடு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்? ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் அது சாமி.

நான் சைக்கிளை விட்டு இறங்கியதுமே கத்தத் தொடங்கினேன்.

“யாருடி அது சர்க்கார் கல்லுல மஞ்சப் பூசுனது? எடுங்க அதை! ஏய், கடப்பாரையைப் போடு!”

கூலி கடப்பாரையைத் தூக்கியதும் ஏழெட்டுப் பெண்கள் கல்லைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இடமில்லாதவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். வண்டிக்காரரின் மனைவி கல்லைக் கட்டிக்கொண்டாள்.

“சாமி மேல இரும்பு படக் கூடாதுங்க. மொதல்ல எங்களைக் குத்திட்டு அப்பறம் குத்துங்க.”

பக்கத்திலேயே நடலாம் என்றாலும் விடவில்லை. இந்தப் பக்கம் சாமி, அந்தப் பக்கம் மதகு. நான் கத்தக் கத்த அவர்கள் இன்னும் இறுக்கமாக உட்கார்ந்தார்கள். அந்த நேரம் கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கிழக்கேயிருந்து வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். நாற்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு. யாரையும் அதட்டாமல், நடந்ததை ஒரு பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னிடம் வந்தார்.

“ஐயா, வெயில் ஏறுது. இப்போதைக்கு அங்கிட்டு அந்தப் புளியமரத்துக்கிட்ட நட்டுட்டுப் போயிருவோம். இவங்க கோவம் ஆறுனப்பறம் நீங்க வந்து சரி பண்ணிக்கங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. புதுக்கல்லின் ஒரு முனையை அவரே தூக்கினார். மூன்று பேருமாகச் சுமந்துபோய், மேற்கே இருந்த புளியமரத்தடியில் நட்டார்கள். நான் அளக்கவில்லை. கோபத்தில் சங்கிலியை வண்டியிலிருந்து இறக்கவேயில்லை. ஆபீசுக்கு வந்து ரெஜிஸ்தரில் ‘6/3 – புதுக்கல் நடப்பட்டது’ என்று எழுதினேன். எங்கே நட்டது என்று எழுத அதில் இடமில்லை. இரண்டு மாதத்தில் போய்ச் சரிசெய்துவிடலாம் என்றிருந்தேன். இரண்டு மாதம் வருஷமாயிற்று. அடியோடு மறந்துபோனேன்.

மறக்காதது ஒன்றுதான். அன்று முதல் அந்த டிரைவர் சாலையில் என்னைக் கண்டால் ஜன்னல் வழியாக வலது கையை நீட்டி உயர்த்துவார். நான் சைக்கிள் மணியை அடிப்பேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான். ஆனால் பத்து மைல் தனியாகச் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு அது கொஞ்சமில்லை.

பிறகு பெட்ரோல் கிடைக்காமல் போயிற்று. லாரிகளின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பை மாட்டினார்கள். அதில் கரியைப் போட்டு மூட்டி, வருகிற வாயுவில் லாரியை ஓட்டினார்கள். கரி லாரி என்போம். அதற்கு இழுவை போதாது. சமதளத்தில் முக்கி முனகி ஓடும், ஏற்றத்தில் நின்றுவிடும். அதனால் டிரைவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இறக்கத்தில் தலைதெறிக்க விட்டு, அந்த வேகத்திலேயே எதிர் மேட்டை ஏறிவிடுவது. அந்தக் கண்மாய்க்கரை இறக்கம் இதற்கு வாகாக இருந்தது.

ஒரு நாள் முற்பகலில், சந்தைக்கு வைக்கோல் ஏற்றிப்போன மாட்டுவண்டியின் மேல் ஒரு கரி லாரி அந்த இறக்கத்தில் மோதியது. அதை ஓட்டிய வேறொருவன் ஒரு கையை விட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான் என்றார்கள். அவன் சீமைக்கு ஓடிவிட்டான். பிரிட்டிஷ் எல்லையை எங்கள் பக்கம் சீமை என்போம். வண்டிக்காரர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். சக்கரத் தடத்தை அளக்க என்னைக் கூப்பிட்டார்கள். சங்கிலியோடு போனபோது, சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தவளை அடையாளம் தெரிந்தது. கல்லைக் கட்டிக்கொண்ட அதே பெண். கணவர் உடம்பின் மேல் போர்த்திய கோணியை, காற்றில் விலகாதபடி பிடித்துக்கொண்டிருந்தாள். என்னையும் சங்கிலியையும் பார்த்தாள். நான் தடத்தை அளந்துகொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் கனரக லாரிகளுக்கு விதி போடும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் இஞ்சினியர், மோட்டார் வண்டிகளைப் பார்க்கிற போலீஸ் இன்ஸ்பெக்டர், எழுதுவதற்கு நான். நிறைய விவாதம் நடந்தது. இறக்கத்தில் மாட்டுவண்டியை முந்தக் கூடாது. பாரம் பின்னால் நீண்டிருந்தால் சிவப்புத் துணி கட்ட வேண்டும். கைப்பிரேக்கை மாதம் ஒருமுறை காட்ட வேண்டும். கியர் மாற்றும் நேரம் தவிர, இறக்கத்தில் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி நான் சொன்னது. பீடியை நினைத்துச் சொன்னேன்.

எத்தனை மைல் வேகம் என்பதில்தான் இழுபறி. லாரி முதலாளிகள் இருபத்தைந்துக்குக் குறைந்தால் மேடு ஏறாது என்றார்கள். இன்ஸ்பெக்டர் பத்து என்றார். இஞ்சினியர் சலித்துப்போய், “இவர்களைக் கேட்டு என்ன பயன்? ஓட்டுகிறவனைக் கூப்பிடும்” என்றார். நான் கூப்பிட்டது அந்தக் காக்கிச் சட்டைக்காரரை. ஊருக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு இறக்கத்தில் பாரத்தோடு அவரை ஓடவிட்டோம். லாரியில் வேகம் காட்டும் முள் இல்லாததால், இஞ்சினியரின் கார் குறித்த வேகத்தில் முன்னால் போகும், லாரி அதே வேகத்தில் பின்னால் வரும். நான் சிவப்புக் கொடியைத் தாழ்த்தியதும் அவர் பிரேக் போட வேண்டும். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று நான் அளப்பேன். அப்படி ஒன்பது தடவை. கடைசியில் அவர் முகத்துக் கரியைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“பதினஞ்சு வையுங்க. பதினஞ்சுல வந்தா மாடு குறுக்க வந்தாலும் நிறுத்திப்புடலாம். இருபதுல நிக்காதுங்க. பதினஞ்சுக்குக் கீழயும் போகாதீங்க. அங்கிட்டு ஏத்தத்துல நின்னு பின்னால உருண்டுச்சுன்னா அதுக்கும் ஒரு சாவு விழும்.”

அப்படியே பதினைந்து மைல் என்று எழுதினேன். இரண்டு கை விதியைப் படித்துக் காட்டியபோது அவர் சிரித்தார்.

“அப்ப இனிமே அந்த எறக்கத்துல ஐயாவுக்குக் கும்பிடு போட முடியாது போலருக்கே!”

“மேட்டுக்கு ஏறி முடிச்சுட்டுப் போடுங்க. வாங்கிக்கிறேன்” என்றேன்.

அதன்படியே நடந்தார். கண்மாய்க்கரையில் நான் நின்றால், இறக்கம் முழுக்க இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி என்னைத் தாண்டிப் போவார். மேட்டின் தலைக்கு ஏறியதும் ஜன்னலுக்கு வெளியே அந்தக் கை நீளும்.

வேகத்தைப் பிடிக்கிற வழியைச் சொன்னவனும் நான்தான். மணிக்குப் பதினைந்து மைல் என்றால் ஒரு ஃபர்லாங்குக்குச் சரியாக முப்பது விநாடி. விபத்து நடந்த இடம் 6/3 கல்லுக்கும் 6/2 கல்லுக்கும் நடுவில். ஒரு கல்லில் கொடியோடு ஒரு போலீஸ்காரர், மறு கல்லில் கடிகாரத்தோடு ஒருவர். முப்பதுக்குக் குறைவாக வந்தால் கேஸ். இரண்டு தடவை அபராதம், மூன்றாம் தடவை லைசென்ஸ் ரத்து. கல்லூரி ஓட்டப்பந்தயத்துக்கு வாங்கிவைத்திருந்த ஸ்டாப் வாட்சை இரவல் கேட்டு வாங்கினோம். “சபாஷ், ஓவர்சியர்” என்று இஞ்சினியர் எல்லோர் முன்னாலும் சொன்னார். இதையெல்லாம் ஆபீஸ் மேஜையில் சாலைப் படத்தை விரித்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். படத்தில் 6/3 தன் இடத்தில் ஒழுங்காக நின்றது. புளியமரம் படத்தில் இல்லை.

முதல் மாதத்திலேயே நாலைந்து பேர் பிடிபட்டார்கள். அதில் அவரும் ஒருவர் என்று கேள்விப்பட்டபோது, ‘சரிதான், இவரும் மற்றவர்களைப் போலத்தான்’ என்று நினைத்தேன். இரண்டாம் தடவையும் பிடிபட்டபின் ஒரு மத்தியானம் ஆபீசுக்கு வந்தார். பட்டியல் ஒன்று தப்பாகிப்போய் நான் குமாஸ்தாவைத் திட்டிக்கொண்டிருந்த நேரம். வாசலிலேயே நின்றார்.

“ஐயா, அந்தக் கல்லை ஒரு தடவை வந்து பாத்தீங்கன்னா...”

“எனக்குக் கல் எங்கே இருக்குன்னு நீ சொல்லித் தர்றியா? வேகத்தைக் குறை, போ!” என்றேன்.

அதுவரை அவரிடம் நான் ஒருமையில் பேசியதில்லை. அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “வாரேங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் தடவை பிடிபட்டது இருபது நாள் கழித்து. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதால் என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். கடிகாரம் இருபத்துநாலு விநாடி காட்டியதாகப் போலீஸ்காரர் சொன்னார். கணக்குப்படி பதினெட்டே முக்கால் மைல் வேகம். டிரைவரை மாஜிஸ்திரேட் கேட்டார்.

“நான் எண்ணிக்கிட்டேதாங்க ஓட்டுவேன். முருகா, முருகான்னு எண்ணுவேன். வண்டிய ஓட்டிக் காட்டுன அன்னைக்கு இஞ்சினியர் ஐயா கடியாரத்தை வச்சுச் சரிபாத்துக்கிட்டது, ஒரு முருகாவுக்கு ஒரு செகண்டு. எல்லா ஃபர்லாங்குக்கும் முப்பது வருதுங்க. இந்த ஒரு ஃபர்லாங்குக்கு மட்டும் இருபத்துநாலுதான் வருது. இதுக்கு முந்துன ஃபர்லாங்குல முப்பத்தாறு வருது. இதுல கொறையிறது அதுல கூடுதுங்க.”

கோர்ட்டில் சிரிப்பு. மாஜிஸ்திரேட்டும் சிரித்துவிட்டு, “முருகனைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாதே அப்பா” என்றார். மறுபடி சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. முப்பத்தாறும் இருபத்துநாலும் காதில் விழுந்த மாத்திரத்தில், புளியமரமும் மஞ்சள் பூசிய கல்லும் கண்முன் வந்து நின்றன. இரண்டையும் கூட்டினால் அறுபது. மொத்தம் சரி, நடுக் கல் மட்டும் தப்பு. இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சங்கிலி தேவைப்படவில்லை. அவர் பக்கம் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக அல்ல. பஸ் வரும் திசையைப் பார்க்கிறவர் போல, இதோ வந்துவிடும் என்ற முகத்தோடு பார்த்தார்.

“ஓவர்சியர், அந்தக் கற்களுக்கு நடுவே ஒரு ஃபர்லாங்கு தூரம்தானே?”

“ரெஜிஸ்தர்படி ஒரு ஃபர்லாங்குதான்” என்றேன்.

பொய் சொன்னேன் என்று யாராலும் சொல்ல முடியாது. ரெஜிஸ்தரில் அப்படித்தான் இருந்தது. எழுதியவன் நான்தானே. டிரைவர் பார்வையை இறக்கிக்கொண்டார். அந்தக் கல்லைத் தூக்கியதே தான்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. லைசென்ஸ் ரத்தாயிற்று.

மறுநாள் விடிந்ததும் ஒரு கூலியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சங்கிலி பிடித்தேன். பத்துச் சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் எட்டுச் சங்கிலி. எட்டாவது சங்கிலியின் முனை புளியமரத்துக் கல்லின் அடியில் வந்து ஒட்டியது. அன்று மூன்று தடவை அளந்தேன், ஏதோ அடுத்த தடவையாவது நீளும் என்பது போல. அவர் பதினைந்து மைலில்தான் வந்திருக்கிறார், மூன்று தடவையும். முப்பது விநாடி காட்டியிருக்க வேண்டுமானால் பன்னிரண்டு மைலில் வந்திருக்க வேண்டும். அப்படி வந்திருந்தால் மேட்டில் நின்று பின்னால் உருண்டிருக்கும்.

இஞ்சினியரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“இதை வெளியே விட்டால் இதுவரை போட்ட கேஸ் அத்தனையும் கவிழும். லாரிக்காரர்கள் விதியையே தூக்கி எறிவார்கள். அந்த இறக்கத்தில் இன்னொருவன் சாவான். அது உமக்குச் சம்மதமா? கல்லை மட்டும் சத்தமில்லாமல் சரியான இடத்தில் நட்டுவிட்டுப் பேசாமல் இரும்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. விதி வந்தபின் அந்த இறக்கத்தில் ஒரு கோழிகூட அடிபடவில்லை. அந்த நியாயத்தை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். கல்லை நடவும் போகவில்லை. அங்கே கால் வைக்கவே கூசியது. சாக்கு மட்டும் நாளுக்கொன்றாகக் கிடைத்தது. பெட்ரோல் கொஞ்சம் வரத் தொடங்கியிருந்ததால் போலீஸ்காரர்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே கடிகாரம் பிடிக்க ஆள் இல்லை. ‘அவசரமில்லை’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு மாதம். அந்த நாலு மாதமும் அவர் ஒரு செட்டியாரின் சுண்ணாம்பு வண்டியை அதே சாலையில் ஓட்டினார். லாரி ஓட்டியவர் மாட்டுவண்டி ஓட்டுவது எங்கள் பக்கத்தில் சின்ன இறக்கம் இல்லை. டீக்கடைகளில் கேலி பேசினார்கள். “என்ன டிரைவரே, ரெண்டு மாட்டுக்கும் ஹார்ன் எங்க இருக்கு?” என்று ஒருவன் கேட்டதை நானே கேட்டேன். எதிரே நான் சைக்கிளில் வந்தால் வண்டியை இடப்பக்கம் ஒதுக்கி, மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நான் கடக்கும்வரை மாடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். இடப்பக்கம் ஒதுங்குவதும் நாங்கள் எழுதிய விதிதான். நான் மணி அடிக்கவில்லை. அடிக்க எனக்கு முகம் இல்லை.

மறுபடி போலீஸ்காரர்களை அங்கே நிறுத்தப்போவதாக உத்தரவு வந்தபோதுதான் எழுந்தேன். இன்னொருவன் பிடிபட்டால்? சங்கிலியை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குத் தனியாகப் போனேன். கடப்பாரையைக் கொண்டுபோகவில்லை. வண்டிக்காரரின் மனைவி கண்மாய்க்கரையில் சாமிக் கல்லைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்தேன். மனிதர்களோடு பேசுவதற்கு நான் கீழே உட்கார்ந்தது அந்த உத்தியோகத்தில் அதுவே முதல் தடவை.

“ஆத்தா, அந்த எடம் சாலைக் கல்லுக்கு வேணும். உங்க சாமிய நகத்த முடியுமா? முடியாதுன்னா சொல்லுங்க, வேற வழி பாக்குறேன்.”

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

“நகத்தலாமுங்க. ஒரு பொங்க வச்சு, உத்தரவு கேட்டு, தூக்கிக் கரைமேல வச்சுட்டாப் போச்சு. சாமி என்ன வேரா விட்டுருக்கு? அன்னைக்கே நீங்க இப்படி உக்காந்து கேட்டிருந்தீங்கன்னா அன்னைக்கே எடுத்துருப்போம். நீங்கதான் வந்ததும் வராததுமா கத்துனீங்க.”

ஒரு பொங்கல். ஒரு பானை அரிசியும் ஓர் அச்சு வெல்லமும். அவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

எதற்கு இடம் வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவளிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் கணவருக்காகப் போட்ட விதி என்பதால் இருக்கலாம். எட்டுச் சங்கிலி கணக்கு அவளுக்குப் புரியாது என்று நினைத்தேன். சட்டென்று புரிந்துகொண்டாள்.

“ஆமா, அந்த டிரைவரும்ல அன்னைக்குக் கல்லைத் தூக்குனாரு. எங்க வீட்டு ஆளு செத்தப்ப பதினாறாம் நாளு வரைக்கும் வந்து வந்து பாத்துட்டுப் போன மனுசன் அவரு ஒருத்தருதாங்க. கல்லை நகத்திருவோம், அது சரி. அவருக்கு என்ன செய்யப் போறீங்க?”

லாரியால் தாலி இழந்தவள் ஒரு லாரி டிரைவருக்காக என்னைக் கேட்டாள். நான் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்துச் சாமியைக் கரைமேல் தூக்கி வைத்தார்கள். புதுக்கல்லைச் சரியான குழியில் நட்டேன். பத்துச் சங்கிலி, ஒரு விரற்கடை பிசகில்லை. அன்று மாலையே மனு எழுதினேன். கல் இடம் மாறியது எப்படி, ரெஜிஸ்தரில் மறைத்தது யார், கோர்ட்டில் தெரிந்தே வாயை மூடிக்கொண்டது யார் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சமஸ்தான நிர்வாகமான தர்பாருக்கு அனுப்பும்படி இஞ்சினியர் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, “யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். அப்படி இருக்கிறது ஓய் உம் காரியம்” என்றார். ஆனால் அனுப்பினார். அவர் பயந்தபடி விதி கவிழவில்லை. அந்த ஓர் இடத்தில் போட்ட கேஸ்களை மட்டும் தள்ளினார்கள். எனக்கு மெமோ கொடுத்து, எங்கோ ஒரு மூலைக்கு மாற்றல் போட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, அது சரியான கூலி.

லைசென்சைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவை நானே கேட்டு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாடுகளுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து உத்தரவைக் கொடுத்தேன். தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“தப்பு என்மேலதான். என்னை மன்னிக்கணும்” என்றேன். வாழ்க்கையில் நான் அதிகம் சொல்லாத வார்த்தை.

அவர் காகிதத்தை நாலாக மடித்தார்.

“கல்லு இப்ப சரியா இருக்குங்களா?”

“இருக்கு. பத்துச் சங்கிலி.”

“அப்பச் சரிங்க.”

எழுந்தேன். போக மனம் வரவில்லை. கேட்டுவிட்டேன்.

“கல்லைத் தூக்குனவரே நீங்கதான். அன்னைக்குக் கோர்ட்ல அதைச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லலை?”

அவர் மடித்த காகிதத்தைத் துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.

“நான் சொன்னா யாரு நம்புவாக? நீங்க கூண்டுல நின்னீங்க. ஐயா சொல்லிருவாருன்னு நெனச்சேன்.”

மாற்றலுக்குப் போகிற அன்று காலையில் கடைசியாக அந்த இறக்கத்துக்குப் போனேன். தூரத்திலிருந்து அடையாளம் தெரிய 6/3 கல்லின் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நடந்துபோய் 6/2 கல்லின் அருகில் நின்றேன். அவர் பழைய முதலாளியிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். எட்டு மணிவாக்கில் லாரி மேட்டில் தலைகாட்டியது. 6/3 கல்லைத் தாண்டியதிலிருந்து நானே எண்ணினேன், அவர் எண்ணுகிறபடி, முருகா, முருகா என்று. என்னைத் தாண்டும்போது சரியாக முப்பது. இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன. பார்வை சாலையில் இருந்தது. விதிப்படி எல்லாம் சரி.

லாரி எதிர் மேட்டில் ஏறியது. முக்கால் மேடு, முழு மேடு, தலைக்குப் போய்விட்டது. இனிமேல் கையை எடுக்கலாம், விதி தடுக்காது. நான் அந்த வலது பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கரிப்புகை கலைந்து, லாரி அப்பால் இறங்கி மறையும் வரைக்கும் அவர் கை வெளியே வரவில்லை.